பாய்லருக்குப் பேயோட்டினார்கள்

மனிதனுக்குப் பேய் பிடித்த கதை ஆயிரம் கேட்டிருப்பீர்கள். பாய்லருக்குப் பேய் பிடித்த கதை தெரியுமா? ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போன காசன்லக் பள்ளத்தாக்கில் ஒரு பூ சீசனில் பிடித்தது. ஒன்றுக்குப் பிடித்து நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். எண்ணெய் ஆலை, ரொட்டிக்கடை, பால் பண்ணை என்று ஒட்டுவாரொட்டியாய்ப் பரவிவிட்டது. ஸ்பிரிடோன் ஐயா வீட்டு வாசலில் நின்ற கார்களை எண்ணினால் ஈஸ்டர் அன்று சர்ச் வாசலில்கூட அத்தனை நிற்காது.

யார் இந்த ஸ்பிரிடோன் ஐயா? பயந்துபோன குழந்தையின் தலைக்கு மேல் ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றி, உறைந்த கட்டியைப் பார்த்து எது பயமுறுத்தியது என்று குறி சொல்வது அந்தப் பக்கத்துப் பழக்கம். ஐயா அதை நவீனப்படுத்தினார். குழந்தைக்கு ஊற்றினால் ஒரு கூடை முட்டைதான் தேறும். இயந்திரத்துக்கு ஊற்றினால் தடித்த பண உறை வரும். முன்பு எங்கோ நெசவாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டவர் என்று ஒரு பேச்சு உண்டு. மகானின் பூர்வீகத்தை யார் விசாரிக்கிறார்கள்!

வெலிச்கா, ரஷ்கோவ் முதலாளியின் ரோஜா எண்ணெய் ஆலையில் பொறியாளர். அளவுமானி, சென்சார், அலாரம் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் கணவன் மின்கோவும் அங்கேதான், பூவைக் காய்ச்சி வடிக்க நீராவி தரும் பாய்லரை ஓட்டுகிறான். அந்த இரும்பு யானைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான்.

சீசன் தொடங்கியதிலிருந்து அந்த பாய்லர் அடிக்கடி அலறிவிட்டு அணைந்துகொண்டே இருந்தது. விஷயம் சாதாரணம். பாய்லரின் பக்கவாட்டில் ஒரு சின்ன இரும்புக் கிண்ணம், அதற்குள் ஒரு சென்சார் கம்பி. தண்ணீர் கம்பியைத் தொடும்வரை மின்சாரம் மெல்லிசாய் ஓடும். தண்ணீர் இறங்கினால் ஓட்டம் அறுந்துபோகும். உடனே அலாரம் கத்தும், பர்னர் அணையும். பாய்லர் வெடித்து ஆள் சாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

"முதலாளி, அலாரம் பொய் சொல்லல. தண்ணி நெஜமாவே கொறையுது. பம்ப்பைக் கழட்டிப் பாக்கணும், ஒரு நாள் குடுங்க" என்றாள் வெலிச்கா.

"ஒரு நாளா! பூவெல்லாம் மூட்டையிலயே வெந்து போயிடும்மா. நீ வேலை பாக்க வந்தியா, எனக்கு வேட்டு வைக்க வந்தியா?"

மறுநாளே ஸ்பிரிடோன் ஐயா எழுந்தருளினார். கன்ட்ரோல் பேனலுக்கு முன்னால் தண்ணீர்ச் சட்டியில் ஈயத்தை ஊற்றினார். சொய்ங் என்று சத்தம். கட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா, பொம்பளைத் தலை! கண்ணு வச்சிட்டா, கண்ணு!"

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. வெலிச்காவுக்கு அது அவித்த உருளைக்கிழங்கு மாதிரிதான் தெரிந்தது. அதைச் சொல்லித்தான் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, ஐயா பேனலோடு தனியாக மந்திராலோசனை நடத்தினார். கதவு திறந்தபோது ஈயக்கட்டி சிவப்பு நூலில் பேனலுக்குள் தொங்கியது. பேனலுக்குப் பூட்டு. சாவி ஐயாவின் சட்டைப்பைக்குள். யாரும் திறக்கக்கூடாது, திங்கட்கிழமைதோறும் வெலிச்கா அலாரத்துக்கு வைக்கும் சோதனை இனி கூடாது, பேய்க்கு ஞாபகம் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் சிகரமாக இன்னொன்று: கிண்ணத்தோடு சேர்ந்து நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைச் சிவப்புத் துணியால் மூடிவிட வேண்டும். பேய் கண்ணாடி வழியாகத்தான் எட்டிப் பார்க்குமாம்! மூடினார்களா? பயபக்தியோடு மூடினார்கள். மூடியது மின்கோவின் கை.

அன்றிலிருந்து அலாரம் வாயே திறக்கவில்லை.

"ஏன்ப்பா, தண்ணி இருக்கா இல்லையான்னு காட்டுற ஒரே கண்ணாடியையும் மூடி வச்சிட்டு, எதைப் பாத்து பாய்லர் ஓட்டுற?" காலையில் தயிரும் ரொட்டியும் வைத்தபடி வெலிச்கா கேட்டாள்.

"ஊரே நம்புது வெலி. நான் மட்டும் துணிய எடுத்து ஏதாவது ஆச்சுன்னா, பழி என் தலையில விழும்."

"ஏதாவது ஆச்சுன்னா பழி விழறதுக்குத் தலை இருக்கணுமேடா!"

மின்கோ சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம்.

அடுத்த வாரம் ஐயாவுக்கு ஆலையிலேயே விருந்து. முழு ஆடு சுட்டார்கள், ராக்கியா சாராயம் ஆறாய் ஓடியது. பள்ளத்தாக்கின் முதலாளிகள் எல்லாம் வந்து, எரிகிற பாய்லரைச் சுற்றி நின்று அதன் அமைதியை மெச்சினார்கள். ரொட்டிக்கடை பென்சோ கையில் ஆட்டுக்காலோடு கண்கலங்கினார். பாய்லருக்கு ரோஜா மாலை வேறு! மாலைக்குப் பக்கத்தில் மின்கோ தன் நாற்காலியில்.

வெலிச்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். பேய் போயிடுச்சா, இல்ல வாயை மூடிக்கிட்டு உள்ளயே இருக்கா?"

"ஒம்போது மலை தாண்டிப் போயிடுச்சு தாயி."

"அப்ப அலாரம் இனிமே உண்மையைத்தான் சொல்லும்?"

"சத்தியமா."

"ரொம்ப சந்தோஷம். இந்தக் கிண்ணத்தை பாய்லர்லேருந்து வால்வு போட்டுப் பிரிச்சிட்டு, இதுல இருக்குற தண்ணிய மட்டும் வடிக்கப் போறேன். அலாரம் கத்தணும். கத்துனா உங்க காலுல நானே விழறேன்."

ஐயாவின் முகம் வெளுத்தது. "வேணாம்! போன பேயைக் கூப்பிடாத!"

"ஒம்போது மலைக்கு அப்பால போனதுக்கு இந்தச் சின்னக் குழாய் தொறக்குற சத்தமா கேக்கும்?"

கூட்டம் சிரித்தது. ரஷ்கோவுக்கோ விருந்தாளிகள் முன் பெருமை தாளவில்லை. "தொறக்கட்டும் ஐயா! உங்க மகிமை நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

"அப்ப மின்கோ எந்திரிக்கட்டும். அந்த நாற்காலியில ஐயா உக்காரட்டும்" என்றாள் வெலிச்கா.

"எனக்கு மூட்டு வலி, உக்கார முடியாது" என்று ஐயா வாசல் பக்கம் நகர்ந்தார். மூட்டு நன்றாகவே நகர்ந்தது.

வெலிச்கா கிண்ணத்துக்குப் போகும் வால்வுகளை மூடினாள், வடிகுழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. சிவப்புத் துணியைப் பிடுங்கி எறிந்தாள். கண்ணாடிக் குழாய் காலி. எல்லோரும் அலாரத்தையே பார்த்தார்கள். மூச்சில்லை. பர்னர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் பாய்ந்தவன் மின்கோதான். ஸ்பானரை எடுத்து பேனல் பூட்டில் ஒரே போடு. ஈயக்கட்டிக்குப் பின்னால், சென்சார் ஒயர்கள் வந்து சேரும் இரண்டு திருகுகளையும் இணைத்து ஒரு துண்டுக் கம்பி.

"இதுதான் மந்திரம்! உள்ள சொட்டுத் தண்ணி இல்லன்னாலும் தண்ணி இருக்குன்னே பேனல் நம்பும், உங்களை மாதிரியே!" வெலிச்கா கம்பியைப் பிடுங்கினாள். அலாரம் காது கிழியக் கத்தியது. பர்னர் அணைந்தது.

அவள் வடிகுழாயை மூடி வால்வுகளைத் திறந்தாள். கிண்ணத்துக்குத் தண்ணீர் திரும்பி வந்தது. கண்ணாடியில் மெல்ல ஏறியது. குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அலாரம் நிற்கவில்லை.

"வடிச்ச தண்ணிதான் திரும்பிடுச்சே, இன்னும் ஏன் கத்துது?" என்றார் ரஷ்கோவ்.

"இது சோதனை இல்ல முதலாளி. பாய்லர்லயே தண்ணி இல்ல."

மின்கோ பம்ப் சுவிட்சுக்குத் தாவினான். வெலிச்கா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "தொடாதே! காஞ்சுபோன இரும்புல பச்சத் தண்ணி விட்டா அப்பவே வெடிக்கும். வெளிய ஓடு! எல்லாரும் ஓடுங்க!"

ஆட்டையும் ராக்கியாவையும் விட்டுவிட்டு ஓடினார்கள்.  மின்கோ முற்றத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.  வெலிச்கா அவன் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள், நடுநடுவே திட்டவும் செய்தாள்.

காரில் ஏறப் போன ஐயாவை ரஷ்கோவ் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "பாவி, எங்களைக் கொல்லப் பாத்தியே!"

"பேய ஓட்டச் சொன்னீங்க, ஓட்டினேன். தண்ணி ஊத்துறதும் என் வேலையா?" என்றார் ஐயா.

"அவன் கம்பிதான் போட்டான் முதலாளி. கண்ணைக் கட்டிக்கிட்டது நீங்க" என்றாள் வெலிச்கா.

அப்போதுதான் ரொட்டிக்கடை பென்சோவுக்கு ஏதோ உறைத்தது. ஓடும்போதும் விடாமல் பிடித்திருந்த ஆட்டுக்கால் கையிலிருந்து நழுவியது.

"எங்க கடையிலயும் இவன்தான் ஓட்டினான். பத்து நாளா அலாரம் கத்தவே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேனே! என் பொண்டாட்டி அந்த பாய்லர்கிட்டதான் நிக்கிறா!"

பால் பண்ணைக்காரர் முகத்திலும் ரத்தம் இல்லை. அத்தனை பேரும் கார்களுக்குப் பாய்ந்தார்கள். ஒருவரும் நல்ல நேரம் பார்க்கவில்லை, ஒருவரும் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. புழுதிக்குள் ஐயா தனியாக நின்றார், அடிக்கக்கூட ஆளில்லை.

வெலிச்கா கார்களுக்குப் பின்னால் ஓடிக் கத்தினாள்:

"முதல்ல நெருப்ப அணைங்க! இனிமேயாவது அலாரம் கத்தலன்னு கும்பிடாதீங்கய்யா, ஏன் கத்தலன்னு கேளுங்க!"