குழாயில் தண்ணீர் வரும் படம்

தண்ணீர் இல்லாமல் கை கழுவ முடியாது என்று மனித இனம் பல்லாயிரம் ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தது. அந்த மூடநம்பிக்கையைத் தகர்த்தது எங்கள் மருத்துவமனை. தகர்த்த குழுவுக்குத் தலைவன், நிர்வாக அலுவலராகிய நான். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். என்ன செய்வது, வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

விஷயம் இரண்டாம் மாடிப் பிரசவ வார்டில் தொடங்கியது. அந்த வார்டு சிஸ்டர் ஒருநாள் என் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார், மோட்டார் எரிஞ்சுபோய் மாசக்கணக்காச்சு. மாடியில ஒரு குழாயிலயும் தண்ணி இல்ல. கீழ்த் தொட்டியிலிருந்து வாளியில தூக்குறோம். அது பிரசவத்துக்கே பத்தல. பார்க்க வர்றவங்க பஸ் கம்பியப் பிடிச்ச கையோட அப்படியே குழந்தையத் தூக்குறாங்க. ரெண்டு குழந்தைக்குக் காய்ச்சல் வந்துடுச்சு."

"ஆக, பிரச்சினை என்ன?"

"தண்ணி இல்ல சார்."

"இல்ல சிஸ்டர். மக்களுக்குக் கை கழுவுற பழக்கம் இல்ல. அதுதான் பிரச்சினை. நீங்க மேலோட்டமா பார்க்கிறீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் ஆழம் அப்படி.

எனக்கு மட்டும் அந்த வார்டில் அக்கறை இல்லையா? என் ஒரே மகளுக்கு அடுத்த மாதம் அங்கேதான் பிரசவம். "வேற ஆஸ்பத்திரியில பார்த்துக்கலாமேங்க" என்று என் மனைவி சொன்னபோதுகூட, "நான் நடத்துற ஆஸ்பத்திரிய நானே நம்பலேன்னா எப்படி?" என்று மடக்கினேன். பேரக்குழந்தையை முதலில் நான்தான் கையில் வாங்குவேன் என்றும் வீட்டில் அறிவித்திருந்தேன்.

உடனே குழு கூடியது. மோட்டார் பழுதுக்கு ஒதுக்கியிருந்த நிதி, நோயின் வேரையே பிடுங்கும் விதமாக, 'கை கழுவும் விழிப்புணர்வுப் படம்' என்ற தலைப்புக்கு மாற்றப்பட்டது. வார்டு வாசலில் ஒரு டிவி இருக்கிறது. அதில் டிவிடி மட்டும்தான் ஓடும். எனவே எந்த மென்பொருள் வாங்குவது என்ற மாபெரும் கேள்வி எழுந்தது. படத்தை வெட்டி ஒட்டும் வீடியோ எடிட்டிங் மென்பொருளா? அதை மெனு, பட்டன் எல்லாம் வைத்து டிவிடியில் ஏற்றும் டிஸ்க் ஆதரிங் மென்பொருளா?

கணக்கு அலுவலர் எடிட்டிங் பக்கம். எந்த பில் வந்தாலும் பாதியை வெட்டுகிறவர் என்பதால் அவரை எல்லோரும் 'கத்தரி' என்பார்கள். வெட்டுகிற மென்பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே உருகிவிட்டார். ஸ்டோர் கீப்பர் டிஸ்க் பக்கம். எந்தக் காலத்திலோ வாங்கிய வெற்று டிவிடிகள் அவர் அறையில் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஒரு நல்ல வழி பிறக்காதா என்று பெண்ணைப் பெற்ற தகப்பன் மாதிரி தவித்துக்கொண்டிருந்தார்.

"வெட்டாம ஒரு படம் படமாகுமா?" என்றார் கத்தரி.

"டிஸ்க்ல ஏத்தாம உன் படத்த எங்க ஓட்டுவே? சுவத்துலயா?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

மூலையில் இருந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெண் கையை உயர்த்தினாள். "சார், ரெண்டும் வேற வேற வேலை. காய் நறுக்கக் கத்தி வாங்கலாமா, சாப்பிடத் தட்டு வாங்கலாமான்னு சண்டை போடுற மாதிரி இருக்கு."

அவளுடைய கருத்து 'சிறுபான்மைக் கருத்து' என்று பதிவு செய்யப்பட்டது. தேநீர் வந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அதன் பிறகு அலுவலகமே இரண்டாகப் பிரிந்தது. எடிட்டிங்காரர்கள் கேன்டீனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்கள். டிஸ்க்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிஸ்டர் நடுவில் ஒருமுறை கூட்டத்துக்குள் நுழைந்து, "சார், அந்த மோட்டார்..." என்று ஆரம்பித்தார்.

"எந்தக் கட்சி நீங்க?" என்று இரு தரப்பும் ஒரே குரலில் கேட்டது. அன்று நிலவிய ஒரே ஒற்றுமை அதுதான்.

பிறகு விற்பனையாளர்கள் வந்தார்கள். டிஸ்க் கம்பெனிக்காரர் மெனு ஒன்றைக் காட்டினார். தண்ணீர்த் துளி வடிவத்தில் பட்டன்கள். 'உள்ளங்கை', 'புறங்கை', 'விரலிடுக்கு'. எதை அழுத்தினாலும் 'சளக்' என்று சத்தம் வேறு. ஸ்டோர் கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எடிட்டிங் கம்பெனிக்காரர் சுருக்கமாகச் சொன்னார். "சார், இருக்கிறத இல்லாம ஆக்கலாம். இல்லாதத இருக்கிற மாதிரி காட்டலாம்."

கத்தரி எழுந்து நின்று கைதட்டினார். "இவ்வளவு நாளா இத நாம கையாலேயே செஞ்சிட்டிருந்தோமே சார்!"

எதற்கும் முதலில் படத்தை எடுத்துவிடலாம், தேவையைப் பிறகு தீர்மானிக்கலாம் என்று நான் தீர்ப்பளித்தேன். யாருடைய கைகள் நடிப்பது? ஊழியர்கள் அனைவரின் கைகளும் பரிசீலிக்கப்பட்டன. கத்தரியின் விரல்களில் மை. ஸ்டோர் கீப்பர் நகம் கடிப்பவர். கடைசியில் என் கைகளே தேர்வாயின. தேர்வு செய்தவன் நான்தான் என்பது தற்செயல். பச்சைக்கல் மோதிரத்தைப் பளபளவென்று தேய்த்துப் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

ஆபரேட்டர் கேமராவைப் பிடித்தாள். சிஸ்டர் சோப்பு கொடுத்தார். குழாயைத் திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று பெருமூச்சு வந்தது. பின்னால் ஓர் எறும்பு வந்தது.

"சார், வாளித் தண்ணிய மேலேருந்து ஊத்தட்டுமா?" என்றாள் ஆபரேட்டர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்னம்மா இது, ஜனங்கள ஏமாத்தச் சொல்றியா? தண்ணியக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்."

"சட்டியில இருந்தாத்தானே சார் அகப்பையில வரும்" என்று சிஸ்டர் முணுமுணுத்தார். தொழில்நுட்பம் தெரியாதவர், பாவம்.

தண்ணீரைப் போட எடிட்டிங் வேண்டும், போட்ட தண்ணீரை ஓட்ட டிஸ்க் வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. இரண்டையுமே வாங்குவது என்று வரலாற்றுச் சிறப்புமிக்க சமரசம் ஏற்பட்டது. கத்தரியும் ஸ்டோர் கீப்பரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "இதத்தான் சார் நான் முதல் நாளே சொன்னேன்" என்றாள் ஆபரேட்டர். "அதான் பதிவாயிருக்கே, அப்புறம் என்ன?" என்றேன்.

படம் பிரமாதமாக அமைந்தது. எங்கோ இருக்கும் ஓர் அருவியைப் பிடித்து எங்கள் குழாய்க்குள் விட்டிருந்தாள் ஆபரேட்டர். காலையிலிருந்து இரவு வரை வார்டு வாசலில் என் கைகள் அருவியில் நனைந்தன. பார்க்க வந்தவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். தங்கச்சிப் பாப்பாவைப் பார்க்க வந்த ஒரு வாண்டு, பிசுபிசுத்த கையை டிவிக்குக் கீழே நீட்டிக்கொண்டு நின்றது. இத்தனை பேருக்கு இவ்வளவு சிக்கனமாகத் தண்ணீர் காட்டிய நிர்வாகம் வேறு உண்டா?

சிஸ்டர் மறுபடி மோட்டாருக்கு வந்தார்.

"இன்னும் ரெண்டு குழந்தைக்குக் காய்ச்சல் சார். மோட்டார..."

"படம் பார்த்தீங்களா சிஸ்டர்?"

"பார்த்தேன்."

"அது எந்தக் குழாய்?"

"எங்க வார்டுக் குழாய்."

"தண்ணி வருதா இல்லையா?"

"படத்துல வருது சார்."

"ஆதாரத்தோட தண்ணி வர்ற குழாய்க்கு மோட்டார் வேணும்னு மேலிடத்துல கேட்டா என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களா?" என்று பொறுமையாக விளக்கினேன். கோரிக்கை 'நிறைவேற்றப்பட்டது' என்று முடித்துவைக்கப்பட்டது.

என் மகளுக்கு வலி வந்தது, நான் மேலிடத்தில் இந்தப் படத்துக்காகப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்த அன்று. பேரன் பிறந்துவிட்டான் என்று மனைவி போனில் சொன்னதும், கிடைத்த பஸ்ஸில் ஏறி, கம்பியில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். படிகளில் ஓடினேன். வார்டு வாசலில் சிஸ்டர் குறுக்கே நின்றார்.

"கை கழுவிட்டு வாங்க சார். குழந்தை எடை ரொம்பக் கம்மி. கழுவாத கை படவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

குழாயைத் திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்.'

"வாளி?"

"உங்க பொண்ணு பிரசவத்துக்கே காலியாயிடுச்சு."

"கீழ்த் தொட்டி?"

"அதுவும் காலி. லாரி நாளைக்குத்தான் வருமாம்."

உள்ளே ஒரு சின்னக் குரல் வீல் என்று அழுதது. "அப்பா வந்துட்டாரா?" என்று என் மகள் கேட்பது கேட்டது. "வந்துட்டேம்மா!" என்றேன். கால்கள் தாமாக முன்னே போயின. சிஸ்டர் அசையவில்லை.

"சிஸ்டர், நான் தாத்தா."

"தெரியும் சார்."

"நான் இந்த ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலர்."

"அதுவும் தெரியும்."

"ஒரே ஒரு தடவை. கையில வாங்கிட்டுக் கொடுத்துடுறேன். கெஞ்சிக் கேக்குறேன்."

சிஸ்டர் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. என் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த டிவியைக் காட்டினார். அருவி கொட்டிக்கொண்டிருந்தது. விரலிடுக்கு விரலிடுக்காக நுரை வழிந்தது. பச்சைக்கல் மோதிரம் மின்னியது.

"அங்க கழுவிட்டிருக்கே, அது உங்க கைதானே சார்? போய் அந்தக் கைய எடுத்துட்டு வாங்க. குழந்தையத் தர்றேன்."