துண்டுக்குள் முடிந்த இரண்டு மாதம்

பேரம் படியாத பொருளும் உலகில் உண்டென்பதை எங்கள் தெருத் தரகர் இன்றளவும் ஒப்புக்கொண்டதில்லை. மாட்டுத் தரகரான அவர், கத்தரிக்காய் வாங்கினாலும் கடைக்காரர் கையைத் துண்டால் மூடி, தாம் கேட்கும் விலைக்கேற்ற எண்ணிக்கையில் விரலைப் பிடிப்பார். பிடித்த விரலை எதிராளி உதறாவிட்டால் பேரம் முடிந்தது. எமனே வந்தாலும் மாற்றமில்லை. அது சந்தைச் சட்டம்.

தரகர் இதய அறுவை முடிந்து வீடு திரும்பிய நாளில் மருத்துவர் சொன்னார்: "ஐயா, நெஞ்செலும்ப நடுவுல அறுத்துக் கம்பியால கட்டியிருக்கோம். மூணு மாசம் எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது."

தரகர் தம் துண்டை மருத்துவர் கைமேல் போட்டு இரண்டு விரல்களைப் பிடித்தார். நன்றி கூறும் முறை போலும் என்றெண்ணிய இளம் மருத்துவர், புன்னகையோடு கையைக் கொடுத்து நின்றார். உடனிருந்த பள்ளி வாத்தியாரான நானும், விவரம் தெரிந்தும் தடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சுபோச்சு வாத்தியாரே! ரெண்டே மாசம். டாக்டரு கைய உதறலையில்ல?"

அறுபத்தோராம் நாள், வடமதுரைப் பக்கத்துச் சந்தையில், முரண்டு பிடித்த காளையின் மூக்கணாங்கயிற்றை இழுத்தார். கம்பி எலும்பை அறுத்துக்கொண்டு விலகியது. அதன்பின் மூச்சுக்கு மூச்சு நெஞ்சுக்குள் 'கடக்' என்றோர் ஓசை. வேறொருவராயின் மருத்துவமனைக்கு ஓடியிருப்பார். இவர் தேநீர்க் கடையில் சட்டையைத் திறந்தார்.

"கைய வச்சுப் பாரு அப்பு. கடையாணி கழண்ட வண்டி கணக்கா பேசுது!"

தெருவே வரிசையில் நின்று கைவைத்துச் சிரித்தது. சிலர் அவ்வோசையைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டனர். பத்தாம் நாள் அவர் வலியில் சுருண்டபோது, தூக்கிச் செல்ல அவர் மனைவியும் நானும்தாம் இருந்தோம்.

பிளந்த எலும்பைச் சேர்த்து, உலோகத் தகடு பொருத்தித் திருகாணிகளால் முடுக்கினார்கள். இம்முறை மருத்துவர் கைகளிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே பேசினார்: "இனிமே சந்தைப் பக்கமே போகக் கூடாது."

ஒரே வாரத்தில் சந்தையில் தரகர் நின்ற இடத்தில் வேறொருவர் நின்றார். முப்பதாண்டுகள் அவரை நம்பி மாடு விற்றவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இருமும்போது தையல் அதிராதிருக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி, தரகர் நாள்தோறும் என்னிடம் கேட்பார்:

"சந்தையில என்னைய யாராச்சும் விசாரிச்சாகளா?"

"விசாரிக்காம இருப்பாகளாண்ணே? அய்யலூர்ப் பெரியசாமி துருவித் துருவிக் கேட்டாரு." அவர் வாயிலிருந்தே எப்போதோ கேட்ட பெயர் அது.

தரகர் அணைத்திருந்த தலையணையை இறக்கி வைத்தார்.

"வாத்தியாரே, பெரியசாமி செத்து ரெண்டு வருசமாச்சு. நாந்தேன் மாலை வாங்கிட்டுப் போனேன்."

அடுத்த சந்தை நாளில், வாழ்நாளில் முதன்முறையாக, மாட்டுச் சந்தைக்குப் போனேன். உயிரோடிருப்பவர்களாகப் பார்த்து நான்கு பெயர்களைக் கேட்டறிந்து வந்தேன்.