பேர் வேண்டாம் என்கிற புரவலர்

ஊருக்கு நல்லது செய்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு. "என் பேரெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்கிற ரகம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பியிருக்க முடியாது, அவர்கள் விடமாட்டார்கள்.

நான் மேசை துடைத்து டீ கொடுக்கிற அறக்கட்டளை அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். அறக்கட்டளையே அவருடையதுதான். காடு, குளம், குருவி, பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் என்று எதைக் கேட்டுப் போனாலும் கொடுப்பார். கொடுக்கிற கைதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கொடுப்பதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்று வருத்தப்படுவார், வருத்தத்தில் ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்வார், கடைசியில் பேனாவை அந்தரத்தில் நிறுத்தி, "ஒண்ணே ஒண்ணு, என் பேரு மட்டும் எங்கயும் வரக் கூடாது" என்பார்.

வாங்கிப் பழகியவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். "ஐயோ, அது எப்படி சார்?" என்று மூன்று முறை மன்றாட வேண்டும். முதல் முறை முகம் சுளிப்பார். இரண்டாம் முறை "உங்க இஷ்டம்" என்பார். மூன்றாம் முறை எழுத்தின் அளவைச் சொல்வார்.

குளத்து டீச்சருக்கு இது தெரியவில்லை. சனிக்கிழமைதோறும் நாற்பது பிள்ளைகளைக் கரையில் உட்கார வைத்து, தவளையையும் தட்டானையும் பார்த்து எழுதச் சொல்லிக் கொடுக்கிறவர் அவர். சொன்னதைச் சொன்னபடி நம்பும் அப்பிராணி. "சரி சார், போடல" என்றார். போடவும் இல்லை! பலகையில் இல்லை, பெஞ்சில் இல்லை, பிள்ளைகளின் நோட்டில் இல்லை.

வருட முடிவில் ஐயா பார்வையிடக் கிளம்பினார். அடுத்த வருடப் பணத்துக்கான தாள் அவர் கைப்பெட்டியில், டீ ஃபிளாஸ்க் என் கையில். தாளில் கையெழுத்து விழாவிட்டால் அந்த மாதத்தோடு வகுப்பு நின்றுவிடும். பிள்ளைகள் வர ஆரம்பித்த பிறகுதான் குளத்தில் குப்பை கொட்டும் லாரி வராமல் இருந்தது. பிள்ளைகள் போனால் லாரி வந்துவிடும்.

காரைவிட்டு இறங்கியவர் குளத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் படித்தார். அதன் பின்பக்கமும் போய்ப் பார்த்தார். செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து பெஞ்சின் அடியை நோட்டம் விட்டார். நோட்டுகளை வாங்கி முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் புரட்டினார். நடுவில் ஒரு வருடத்துத் தவளைகள் அத்தனையும் இருந்தன.

"நல்லா இருக்கு டீச்சர். ஆனா ஏதோ ஒண்ணு குறையுது."

"தண்ணியா சார்? வெயில்ல கொஞ்சம் வத்திருச்சு."

"தண்ணி இல்ல."

"தட்டானா? அது அடுத்த மாசம் வந்துரும் சார்."

"பாக்கலாம்" என்று கைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவர் 'பாக்கலாம்' என்ற எதையும் அதற்கப்புறம் யாரும் பார்த்ததில்லை. டீச்சர் முகம் வெளுத்துப் போயிற்று.

அப்போது ஒற்றைச் சடைக்காரி ஒருத்தி முன்னால் வந்தாள். "சார், உங்க பேர்ல ஒருத்தர் இங்க இருக்காரு. பாக்கறீங்களா?"

"என் பேர்லயா?"

"அதோ, அந்தக் கல்லு மேல. எல்லாத் தவளைக்கும் பேர் வெச்சிருக்கோம். டீச்சர் எங்ககிட்ட உங்க பேரைச் சொல்லி, வேற யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. அதான், தவளைக்கு வெச்சுட்டோம்."

"அதுக்கு ஏம்மா என் பேரு?" குரல் குழைந்துவிட்டது.

"ரெண்டு தூறல் விழுந்தா போதும் சார், ஊருக்கே கேக்கற மாதிரி கத்தும்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஃபிளாஸ்க் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஐயா கேட்டது ஒரே கேள்விதான். "இருக்கறதுலயே பெருசு இதுதானா?"

"இதுதான் சார்."

அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து டீச்சருக்கு ஃபோன் போனது. "அந்தக் கல்லுப் பக்கத்துல ஒரு சின்னப் பலகை வைக்கலாமா? எனக்காக இல்லம்மா. தவளைக்காக."

டீச்சர் இதற்குள் தேறிவிட்டார். "ஐயோ, சின்னது எப்படி சார்?" என்றாராம்.

வகுப்பு நடக்கிறது. லாரி வரவில்லை. நீங்கள் சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். இது பணம் இருக்கிறவர்களுக்கு வரும் வியாதி என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்கள் தொட்டிச் செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து எதிர்வீட்டுக்குக் கொடுத்தீர்களே, அது பூத்த அன்றைக்கு அந்த வீட்டம்மா வந்தவர்களிடம் "அது தானா வந்துச்சு" என்று சொன்னது உங்கள் காதில் விழுந்ததே, அன்று ராத்திரி உங்களுக்கு ஏன் சோறு இறங்கவில்லை?