மூச்! இது என் நேரம்

உலகத்தில் பொழுதுபோக்கு உள்ளவர்கள் உண்டு, இல்லாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், பொழுதுபோக்குக்கு நேரம் ஒதுக்குவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டில் ஒரு கதவு சாத்தியிருக்கும், மற்றவர்கள் எல்லாரும் நுனிக்காலில் நடப்பார்கள்.

நம் மருந்துக்கடைக்காரரையே பாருங்களேன். பகலெல்லாம் ஊரார் இருமலைக் கேட்டு அலுத்துப்போன மனுஷர், பாவம். கல்லூரி நாளில் மவுத் ஆர்கன் வாசித்தவர். ஒரே ஒரு பாட்டை, அன்று பாதியில் விட்ட அந்தப் பாட்டை, முழுசாக வாசித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நிஜமான ஆசை, இதில் கேலி இல்லை. அந்தப் பாட்டை நினைத்தாலே அவருக்குப் பத்து வயது குறைந்துவிடும். ஆகவே தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை மாடியறையும் மவுத் ஆர்கனும் அவருக்கே என்று ஏற்பாடு.

"இது என் நேரம். யாரும் மூச்சு விடக்கூடாது," என்று அறிவித்தார்.

விடவில்லை. நாற்காலியில் சாய்ந்தார், வாத்தியத்தைத் துடைத்தார், உதட்டருகே கொண்டுபோனார். கீழே குழாய் சொட்டியது. இறங்கிப்போய் அதை முறுக்கி அடைத்துவிட்டு வந்தால், குழாய்ச் சத்தத்தில் அதுவரை கேட்காமலிருந்த ஃபிரிட்ஜ் உறுமியது. அதை அணைத்தார், பால் திரிந்தது. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது, பேட்டரியைப் பிடுங்கினார். அப்புறம் ஏழு மணி ஆயிற்றா என்று யாருக்குத் தெரியும்? ஜன்னல் வழியே தலையை நீட்டி, தெருவில் போகிறவர்களிடம் "மணி என்னங்க?" என்று கத்த வேண்டியதாயிற்று. குக்கர் விசில் அடிக்கக்கூடாது என்பதால் சாப்பாடு தூங்கப் போகும் நேரத்துக்கு வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் தும்மல் வந்தால் தலையணையைத் தேடி ஓடினாள். துணி மடித்துக்கொண்டே மெல்ல முணுமுணுத்துப் பாடும் வழக்கமுள்ள மனைவியையும் விடவில்லை.

"என் நேரத்துல நீ பாடினா நான் எப்படி வாசிக்கிறது?"

"சரிங்க," என்று அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

வீடு அடங்கியதும் அக்கம்பக்கத்துச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடுத்த கட்டடத்தில் பல் டாக்டர். ஒருநாள் மருந்துக்கடைக்காரர் செருப்பைக்கூடப் போடாமல் நேரே உள்ளே போய், "டாக்டர், அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க, எனக்கு இது சந்தோஷமா இருக்கிற நேரம்!" என்று கத்தினார்.

"பாதிப் பல்லுல எப்படி சார் நிறுத்தறது?" என்றார் டாக்டர். நாற்காலியில் கிடந்தவர் வாயைத் திறந்தபடியே ஏதோ சொன்னார். அது நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை.

வாதாடித் தோற்று வீடு திரும்பி மாடிப்படியில் கால் வைத்தார். மேலிருந்து மவுத் ஆர்கன் சத்தம்! அவருக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்? இனிமையாக இருந்ததா? பற்றிக்கொண்டு வந்தது. ‘என் நேரத்தில் சத்தம் போடுகிறவன் எவன்?’ என்று இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக் கதவைத் தள்ளினார்.

அவர் நாற்காலியில் அவர் மனைவி. கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாள். அதே பாட்டு. அவர் பாதியில் விட்ட இடத்தைத் தாண்டி, ஒரு பிசிறு இல்லாமல் கடைசி வரை போய் நிறுத்தினாள்.

"எப்போ கத்துக்கிட்டே?" என்றார் மனுஷர்.

"நீங்க சத்தத்தை நிறுத்த வெளியில போவீங்கல்ல, அப்பல்லாம்தான். வீடு அவ்வளவு அமைதியா இருக்கும். ரூம் சும்மாதானே கெடக்குது?"

"இது என் நேரம் இல்லையா?"

"உங்க நேரம்தாங்க. யாரு இல்லைன்னா? நீங்கதான் ஒரு நாளும் இங்க இருக்கறதில்லையே."

வெட்கமாக இருந்தது அவருக்கு. அதைவிடப் பொறாமையாக இருந்தது. ஆனால் பாட்டு நன்றாக இருந்தது, கண்கூடக் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் நேரத்தில் தானே தரையில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை வாசியேன்," என்று கெஞ்சினார். அவள் சிரித்துக்கொண்டே வாத்தியத்தை எடுத்தாள். தெருவில் யாரோ பைக்கை முறுக்கினார்கள்.

"இரு இரு, ஆரம்பிச்சுடாதே! அவனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்," என்று எழுந்து ஓடினார். அவள் ஆரம்பித்துவிட்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் படிக்க உட்காருமுன் கதவைச் சாத்தி, டிவியை அணைக்கச் சொல்லி, வீட்டாரை ஓர் அதட்டு அதட்டிவிட்டுத்தானே வந்தீர்கள்? நடுவில் எத்தனை தடவை எழுந்து போனீர்கள்? அந்த இடைவெளியில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இதை முழுசாகப் படித்து முடித்தது யார் என்று, வீட்டில் கொஞ்சம் மரியாதையாகவே விசாரித்துப் பாருங்கள்.