எட்டுப் பாகத்து அலறல்

"நாளைக்கு ஆண்டு விழா மேடையில நீங்க கத்தணும் சார். அவ்வளவுதான்" என்றார் மேனேஜர் அம்மாள்.

"ப்பூ! இதுக்கா கூப்பிட்டீங்க மேடம்?" என்றார் அலறல் சார்.

அது ஆபீஸ் வைத்த பெயர். 'எல்லைக்கோடு' என்ற ராணுவ வீடியோ கேமுக்கு முதல் பாகத்திலிருந்து ஒலி சேர்ப்பவர் அவர்தான். அந்த முதல் பாகத்தில் சிப்பாய்களுக்கு முகம் என்று ஒன்று கிடையாது, செங்கல்தான். மூன்றில் பனி பெய்தது. ஐந்தில் ஹெலிகாப்டர் வந்தது. எட்டில் துப்பாக்கி பிடித்த கையில் நக அழுக்குகூடத் தெரிந்தது. இத்தனைக்கும் நடுவே மாறாதது, குண்டு பட்ட எதிரி போடும் "ஆஆய்ய்யோ!" ஒன்றுதான். ரசிகர்கள் அதைப் போன் மணியாகவே வைத்திருந்தார்கள்.

"அது திருட்டு அலறல்னு இன்டர்நெட்ல கிளப்பி விட்டிருக்காங்க. நேர்ல கத்திக் காட்டிட்டா, ஒன்பதாம் பாகத்துக்கு ஒலித்துறைத் தலைவர் நீங்கதான். இல்லேன்னா வேற அலறல் வாங்கிடுவோம். கூடவே வேற ஆளும்."

"என் தொண்டை மேடம் அது! எங்க போயிடும்?"

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார். கொட்டாவி மாதிரி வந்தது.

"பசிக்குதா?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி. அவளுக்குக் கட்டைக் குரல். போனை எடுத்தாலே "சொல்லுங்க சார்" என்பார்கள்.

அலறல் சார் அசரவில்லை. அந்த அலறல் பிறந்த விதம் ஞாபகம் வந்தது. அன்று முதல் பாகத்துக்கு ராணுவ நடை பதிவு செய்ய, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பூட்ஸும் ஹெட்போனுமாக இதே கூடத்தில் நடந்தார். இருட்டில் எதிலோ கால் பட்டு விழுந்தார். ஹெட்போனில் அந்த அலறல் கேட்டது. விளக்கைப் போட்டால் மகளின் பொம்மை ஜீப் நசுங்கிக் கிடந்தது. அப்புறம் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொம்மையை உடைத்த கோபம் என்று விட்டுவிட்டார்.

இப்போது பரணிலிருந்து அதே ஜீப்பை இறக்கி, அதன் மேல் விழுந்தார். "அம்மாடி" என்று வந்தது. முழங்கால் பிசகியது.

"ஜீப்பா?" என்றாள் மனைவி. "அன்னைக்கு..."

"விழுந்தவன் நான். வலி உனக்கென்ன தெரியும்?"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

கதவிடுக்கில் விரலை வைத்தார். "ஸ்ஸ்" என்று மட்டும் வந்தது. தொண்டையைத் திறக்கிறேன் பேர்வழி என்று மிளகுக் கஷாயத்தைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இருந்த குரலும் போயிற்று.

"முடியலேன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"மேடை ஏறினா தானா வரும்" என்று சாடை காட்டினார்.

மறுநாள் ராசிக்காக அந்தப் பழைய பூட்ஸையே மாட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே மேடை ஏறினார். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தார். "கீச்" என்றது. இன்னொரு தரம் முயன்றார். காற்றுதான் வந்தது.

"திருட்டு! திருட்டு!" என்று பின்வரிசையில் குரல் கிளம்பியது. மேனேஜர் அம்மாள் தலையில் கை வைத்தார். அலறல் சார், முன்வரிசையில் இருந்த மனைவியிடம் தண்ணீர் கேட்கலாம் என்று படியிறங்கினார். கடைசிப் படியில் பிசகிய முழங்கால் மடங்க, அப்படியே முன்னால் சாய்ந்தார்.

"ஆஆய்ய்யோ!"

கூரை அதிர்ந்தது. அச்சு அசல் அதே அலறல்! அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மேனேஜர் அம்மாள் ஓடி வந்தார்.

"பிரமாதம் சார்! ஒன்பதாம் பாகம் உங்களுக்குத்தான்!"

அலறல் சார் நெஞ்சை நிமிர்த்திக் கூட்டத்துக்கு ஒரு சல்யூட் அடித்தார். பிறகு மனைவி பக்கம் குனிந்து, "பார்த்தியா? என் தொண்டை எங்க போயிடும்?" என்று காற்றுக் குரலில் கிசுகிசுத்தார்.

"முதல்ல பூட்ஸை என் கால்லேர்ந்து எடுங்க" என்று பல்லைக் கடித்தாள் மனைவி. "அன்னைக்கும் இதே கால்தான். எட்டுப் பாகமா செத்துக்கிட்டிருக்கிறது நான்!"