ஒரு லேப்டாப்புக்குச் சம்பந்தம் பேசிய வரலாறு

நாகரிகம் எங்கே தொடங்கிற்று என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள் வரும் எதையும் "நீ யார் பிள்ளை?" என்று கேட்காமல் விடக்கூடாது என்று என்றைக்கு ஒருவன் தீர்மானித்தானோ, அன்றைக்குத் தொடங்கிற்று. மரக்காணத்தில் மூன்று தலைமுறையாக உப்பளம் வைத்திருக்கும் எங்கள் குடும்பம் அந்தத் தீர்மானத்தின் காவல் அரண். தட்சணாமூர்த்தியாகிய நான் அதன் தலைவர்.

என் மருமகள் கலைமதிக்கு ஒரு சென்னைக் கம்பெனியில் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு நேர்காணல். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, லேப்டாப் வழியாக. எங்கள் லேப்டாப்போ பத்து வருஷத்துக் கிழம். உப்புக் காற்றில் ஸ்குரூவெல்லாம் துருப்பிடித்துவிட்டது. பட்டனை அமுக்கிவிட்டு உப்பளத்துக்குப் போய்ப் பாத்திகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தால், அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருக்கும்.

"இதுல இருக்கிற விண்டோஸ எடுத்துட்டு லேசா ஒரு லினக்ஸ் போட்டா போதும் மாமா. அதுல பல வகை இருக்குது, எல்லாம் இலவசந்தான். முக்கால் மணி நேர வேலை" என்றாள் கலைமதி.

"முக்கால் மணி நேரத்தில்" ஒரு புது ஆளைக் குடும்பத்தில் சேர்ப்பதா? வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சபையைக் கூட்டினேன். பாய் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. என் தம்பி பலராமன் உறுப்பினர். கம்ப்யூட்டர் கடைக்காரர் தமிழரசன் தரகர். கையில் ஜாதகக் கட்டுக்குப் பதில் பென் டிரைவ்.

"முதல் வரன் யாருப்பா?"

"பப்பி லினக்ஸ்ங்க ஐயா. பழைய மெஷினுக்கு ரொம்ப நல்லா ஓடும்."

"பப்பின்னா?"

"நாய்க்குட்டிங்க."

பலராமன் வாய்க்குக் கொண்டுபோன வெற்றிலையைக் கீழே வைத்தான். "ஏம்பா, நாளைக்கு நாலு பேரு கேட்டா நாய்க்குட்டியக் கொண்டாந்து உள்ள வெச்சிருக்கோம்னா சொல்றது? அடுத்தது சொல்லு."

"லுபுண்டு. நல்ல குடும்பம் ஐயா. உபுண்டுவோட கிளை."

மகிழ்ந்தேன். வம்சம் உள்ள பிள்ளை.

"குலதெய்வம்?"

தமிழரசன் சற்று யோசித்தார். "லினக்ஸ்னாலே சின்னம் பென்குவின்தாங்க."

"பறவைதானேண்ணே" என்று பலராமன் பரிந்துரைத்தான். "நம்ம கழுவெளி ஏரிக்கு வருஷா வருஷம் வெளிநாட்டுப் பறவை வரலியா?"

பென்குவின் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

"உபுண்டுவுக்கு அப்பா?"

"டெபியன்ங்க."

"அப்படின்னா என்ன பேரு அது?"

தமிழரசன் தன் படிப்பைக் காட்டிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டது இங்கேதான். "உண்டாக்கினவரு பேரு இயன்ங்க. அவரு காதலிச்ச பொண்ணு பேரு டெப்ரா. ரெண்டையும் சேத்து..."

"காதலா?"

"பின்னாடி கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க ஐயா!"

"பின்னாடிதானே?"

அத்துடன் அந்த வம்சம் பேரன் பேத்தி வரை தள்ளுபடி. மிண்ட் என்று ஒன்று வந்தது. அதுவும் அதே கொடி என்று தெரிந்து திருப்பி அனுப்பினோம். "யாரையும் சாராம தனியா உண்டானதும் இருக்குதுங்க" என்றார். தகப்பன் பேர் சொல்ல முடியாததையெல்லாம் சபையில் எடுக்கலாமா!

கலைமதி சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"மாமா, மணி பத்தேகால். என் சர்டிபிகேட்டு அஞ்சு வருஷமா பீரோவுல கெடக்குது. எத்தனையோ எடத்துக்கு எழுதிப் போட்டேன், கூப்பிட்டது இவங்க ஒருத்தருதான். ஏதாவது ஒண்ணப் போடச் சொல்லுங்க."

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குதும்மா."

"அது எத்தனை ஜிபி மாமா?"

பெண்களுக்குச் சபை நடைமுறை புரிவதில்லை. தீர்ப்பு வழங்கினேன்: இருப்பதே இருக்கட்டும். பத்து வருஷமாக நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் பிள்ளை எழுந்தது. திரையில் ஒரு கண்ணாடிக்காரர் தோன்றி, விட்டு விட்டுப் பேசினார். குடும்ப சபை கலைமதியின் முதுகுக்குப் பின்னால் அணிவகுத்து நின்றது.

"உங்க ஸ்கிரீன ஷேர் பண்ணுங்கம்மா."

பண்ணினாள். கரி பூசியது போல் கறுப்புத் திரை; மூலையில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். கண்ணாடிக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"என்னம்மா, இது அசல் காப்பி இல்லன்னு வருது? திருட்டு சாப்ட்வேரா?"

"ஆமா சார்."

"யாரு போட்டது?"

தமிழரசன் கூரையைப் பார்த்தார். பலராமன் என்னைப் பார்த்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் தமிழரசனின் கடையில், "ஒரிஜினல் எதுக்குப்பா? எவன் வந்து பாக்கப்போறான்?" என்று கேட்ட கம்பீரக் குரல் என்னுடையது.

"எங்க மாமா சார்" என்றாள் கலைமதி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "வீட்டுக்குப் பெரியவரு. தோ, பின்னாடி நிக்கறாரு."

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொன்னேன். வேறு என்ன செய்வது?

கண்ணாடிக்காரர் வெகுநேரம் சிரித்தார். "திங்கக்கிழமை மறுபடியும் பேசலாம்மா. அதுக்குள்ள யோக்கியமா ஒண்ணு போட்டுட்டு வாங்க" என்றார்.

அன்று மத்தியானமே லுபுண்டு ஏறிற்று. திங்கட்கிழமை கலைமதிக்கு வேலையும் கிடைத்தது. லுபுண்டு ஏறும்போது நான் பக்கத்தில் நின்று கவனித்தேன். அது என்ன மொழி என்று கேட்டது, எந்த ஊர் என்று கேட்டது, பேரைக் கேட்டது. எப்படிப்பட்ட குடும்பம் என்று மட்டும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது.