கொரியப் பாடகி கட்டித் தந்த மாடி வீடு

மைக்கைக் கையில் வாங்கியவன் அதை எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குள் பாதி ஆயுள் போய்விடுகிறது. எனக்குப் பாதி ஆயுள் போகவில்லை. ஒரே சாயங்காலத்தில் மானம் மட்டும் போனது.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் எங்கள் வீடு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, கறி, அரிசி எல்லாம் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. கப்பலில் ஏறி, முட்டைக்கோஸை எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். இதனால் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. (கேபேஜ், ஆனியன், சைன் ஹியர். இதுதான் என் இங்கிலீஷ். இதைத் தாண்டினால் இருட்டு.)

மாலையில் நான் வேறு ஆள். எங்கள் மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளர். பாட வராது, வாசிக்க வராது, ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாட்டைவிட நீளமாகப் பேச வரும். குழுவில் பாடிய ஒரே பெண் பிலோமினா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், நிஜமாகவே இங்கிலீஷ் தெரிந்தவள். நான் பேச ஆரம்பித்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். நின்றால் கால் வலிக்கும் என்று காரணமும் சொல்வாள்.

அந்த வருஷம் மழையில், எங்களுக்கு வடக்கே இருந்த சடையங்குப்பம் மூழ்கியது. குடிசைகள் போய், ஜனங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் கிடந்தார்கள். எங்கள் மாதா கோவில் சாமியார் கச்சேரி வைக்கச் சொன்னார். டிக்கெட்டுக்குப் பதிலாக ஒரு படி அரிசியோ, பாயோ, பாத்திரமோ கொண்டு வந்தால் போதும். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் குழுவை ஊர் முழுக்கக் கல்யாணங்களில் சும்மாவே கேட்டிருந்தார்கள். அதற்கு எவன் அரிசி கொடுப்பான்?

நான் அலைபாய்ந்துகொண்டிருந்த அந்த வாரத்தில்தான் இரும்புத் தாது ஏற்ற ஒரு கொரியக் கப்பல் வந்து நின்றது. காய்கறியோடு ஏறினேன். மேல்தளத்தில் ஒரு பெண் முட்டைக்கோஸைக் கழுவி உப்புப் போட்டுக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. கையிலிருந்த மூட்டையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றேன். கப்பல் சமையல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து, ஆள்காட்டி விரலைச் சுற்றி இசைத்தட்டு ஓடுவதுபோல் காட்டினார். கையை மைக்போல் வாயருகே வைத்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து, கடல் மாதிரிக் கூட்டம் என்றார். கேப்டனின் மனைவியாம், பேர் சுன்-ஓக், அந்த ஊரில் ரேடியோவைத் திறந்தால் அவர் பாட்டுதானாம்.

எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. அந்த அம்மாவிடம் போய், ஃப்ளட், சில்ட்ரன், ரைஸ், சாங் என்று நான்கு சொற்களை வரிசையாக இறக்கி வைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கணவரை அழைத்து வந்தார். கேப்டன் கைக்கடிகாரத்தைக் காட்டி, சனிக்கிழமை பொழுது சாயும்போது கப்பல் புறப்படும், அதற்குள் மனைவியும் மகளும் திரும்பியிருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் எஸ் சொன்னேன்.

ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினோம். உலகப் புகழ் கொரியப் பாடகி என்று கொட்டை எழுத்தில். படம் கிடைக்காததால் பெயிண்டர் ஒருவரை வரையச் சொன்னோம். அவர் கொரியாவைப் பார்த்ததில்லை, அதனால் மலையும் மயிலும் போட்டு நடுவில் ஒரு அம்மனை உட்கார வைத்துவிட்டார். ஊர் பேசத் தொடங்கியது. பெயர் வாயில் நுழையாமல் 'சொக்கம்மா' ஆனது.

அடுத்த மூன்று நாள் நான் தூங்கியதாக நினைவில்லை. தாது சீக்கிரம் ஏறிவிட்டால் கப்பல் முன்னாலேயே போய்விடும். போகிறபோதெல்லாம் துறைமுகச் சுவரில் ஏறிக் கப்பல் இருக்கிறதா என்று பார்த்தேன். தொழிலாளர்கள் டீ குடிக்க உட்கார்ந்தால் சந்தோஷம், எழுந்தால் துக்கம். ஒருவரிடம் போய், அவசரப்படாமல் இன்னொரு டீ சாப்பிடுங்கள் என்று வாங்கியே கொடுத்தேன். அவர் என்னைச் சங்கத்தை உடைக்க வந்த ஆள் என்று நினைத்து மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி வேனில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அந்த அம்மாவையும் குழந்தையையும் உட்கார வைத்தோம். துணைக்குப் பிலோமினா. நான் முன்னால் டிரைவர் பக்கத்தில், முழங்காலை ஆட்டிக்கொண்டு. ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னே போவதும் பின்னே வருவதுமாகச் சாவகாசமாக வேலை பார்த்தது. நான் இறங்கிக் கேட்மேனிடம் கெஞ்சி, திரும்ப ஏறி, மறுபடி இறங்கினேன். பின்னால் இரண்டு பெண்களும் எதையோ பேசிச் சிரித்தார்கள், பிறகு வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். என்ன பேச்சு என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமையில்லை.

பள்ளி மைதானம் நிரம்பி மதில்மேலும் ஆட்கள் இருந்தார்கள். அரிசி மேடைக்குப் பக்கத்தில் குவிந்திருந்தது. முன்வரிசையில் சடையங்குப்பத்து ஜனங்கள்.

சுன்-ஓக் அம்மா முதலில் ஒரு மெதுவான பாட்டுப் பாடினார். எங்கள் அக்கார்டியன்காரர் எப்படியோ பின்னாலேயே போனார். ஒரு வார்த்தை யாருக்கும் புரியவில்லை, ஒரு குழந்தைகூட அழவில்லை. அடுத்தது துள்ளலான பாட்டு. எங்கள் டிரம்காரருக்குச் சாமி வந்துவிட்டது. மதில்மேல் இருந்தவர்கள் ஆட ஆரம்பித்து இரண்டு பேர் உள்ளே விழுந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இன்று நான் கௌரவமான மனிதன்.

பாடி முடித்ததும் அவர் நாலு வார்த்தை பேச விரும்பினார். பிலோமினா எழுந்து வந்தாள். நான் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். அறிவிப்பாளர் நான் இருக்கும்போது இன்னொருவர் மொழிபெயர்ப்பதா? அவள் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் பேசினார். நல்ல இங்கிலீஷ், அதனால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வேகமாக ஓடிய அந்தப் பேச்சில் நாலு சொற்கள் மட்டும் என் காதில் மாட்டின. ஹவுஸ். ஷிப். சில்ட்ரன். கிவ். கூட்டம் என் வாயைப் பார்த்தது. நானும் அந்த நான்கையும் கோத்து, என் சொந்தச் சரக்கைக் கொஞ்சம் சேர்த்து, கணீரென்று அறிவித்தேன்:

"எனக்குச் சொந்தமாகக் கப்பல் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் நனைவதை என்னால் பார்க்க முடியாது. உங்கள் எல்லோருக்கும் வீடு கட்டித் தருகிறேன் என்கிறார் அம்மா."

பிறகு எழுந்த கைதட்டலில் பள்ளிக்கூட ஓடு உதிர்ந்திருக்கும். கைதட்டலைக் கண்ட அந்த அம்மா, அவர்கள் ஊர் வழக்கப்படி, இடுப்பு வளைய ஒரு வணக்கம் வைத்தார். பார்த்தவர்களுக்கு அது சம்மதம் என்றே தோன்றியது.

முன்வரிசையிலிருந்து முனியம்மா என்ற பெண் எழுந்தாள். வீடும் இரண்டு ஆடும் தண்ணீரில் போனவள்.

"இன்னா நைனா, கூரை வூடா, ஓட்டு வூடா? கரீட்டா கேட்டு சொல்லு."

நான் அந்த அம்மாவைப் பார்த்து, குட்? என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது? அவர் மகிழ்ந்து இன்னொரு வணக்கம் வைத்தார்.

"ஓட்டு வீடு" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன், மறுபடி வெள்ளம் வந்தால் என்ன செய்வது, மாடி வைத்துக் கட்டச் சொல்லு என்றான். கூட்டம் ஆமாம் என்றது. அம்மா இந்தத் தடவை இன்னும் ஆழமாகக் குனிந்தார், கூடவே மகளும் குனிந்தாள். நான் மாடியையும் கொடுத்துவிட்டேன். வாசலில் பலர் இந்தச் செய்தியோடு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

என் தோளுக்குப் பின்னால் எக்ஸ்சேஞ்ச் குரல் கேட்டது. "மிஸ்டர் சேவியர், மைக்கக் குடுங்க."

குரல் உயரவில்லை. ஆனால் என் கை தானாகவே கொடுத்தது.

பிலோமினா கூட்டத்தைப் பார்த்து, இவர் சொன்னதில் ஒன்றும் உண்மையில்லை, அம்மா சொன்னதைச் சொல்கிறேன் என்றாள். சின்ன வயதில் போர் வந்தது. வீட்டை விட்டு ஆற்றைக் கடந்து ஓடினோம். யாரென்றே தெரியாதவர்கள் சோறும் கம்பளியும் கொடுத்தார்கள். பாட வந்த பிறகு, போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் விடுதிக்காகப் பாடிக்கொண்டே இருந்தேன். கல்யாணம் ஆனதும் மாமியாருக்கு மேடை பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். கணவர் வருஷம் முழுக்கக் கடலில், அதனால் மகளோடு அவரிடமே வந்துவிட்டேன். இப்போது கப்பல்தான் வீடு. பல வருஷம் கழித்து இன்றுதான் மேடையேறினேன். கொடுக்க என்னிடம் பாட்டுத்தான் இருக்கிறது.

யாரும் கைதட்டவில்லை. கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முனியம்மா மேடைக்கு ஏறி வந்தாள். என்னைத் தாண்டிப் போய் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிறகு பிலோமினாவிடம் சொன்னாள்.

"வூடு போன கஷ்டம் அதுக்கும் தெரிஞ்சிகீது. அது போதும். அந்த மொத பாட்ட இன்னொரு தபா பாட சொல்லு, தாயீ."

பாடினார். இந்தத் தடவை முன்வரிசையில் பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் என் காரணம் வேறு. வானம் சிவந்துகொண்டிருந்தது, கப்பல் ஞாபகம் வந்துவிட்டது.

வேன் பறந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. அதே கூட்ஸ் வண்டி. குழந்தையை நான் தோளில் தூக்கிக்கொள்ள, இரண்டு பெண்களும் பின்தொடர, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து ஓடி, அந்தப் பக்கம் நின்ற மீன் வண்டியில் ஏறினோம். உலகப் புகழ் பாடகி ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து துறைமுகம் வந்து சேர்ந்தார். கப்பலின் ஏணியைத் தூக்கிவிட்டிருந்தார்கள். கப்பலை வெளியே கொண்டுபோக வந்த பைலட், கம்பியருகே நின்று, எனக்கு நன்றாகப் புரியும் தமிழில் என்னைப் பற்றியும் என் வம்சத்தைப் பற்றியும் பேசினார். ஏணி மறுபடி இறங்கியது. கேப்டன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தை மட்டும் பார்த்தார். அழுது வீங்கியிருந்த அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குழந்தையும் தாயும் மேலிருந்து கையசைக்க, கப்பல் நகர்ந்தது.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். முன்னாலேயே ஓடிப்போனவர்கள் சொன்ன செய்தி எர்ணாவூர்வரை எட்டியிருந்தது. வெள்ளத்தையே பார்க்காதவர்கள்கூட மாடி வீட்டுக்குப் பெயர் கொடுக்க வந்திருந்தார்கள். ஒருவருக்குக் கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும். இன்னொருவர் கீழே கடை வைக்க இடம் விடச் சொன்னார். என் அம்மா அத்தனை பேருக்கும் டீ கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னாடா பண்ணி வச்சிகீற? இந்தாளு மாடிப்படி உள்ள இருக்கணுமா வெளிய இருக்கணுமான்னு கேக்குறாரு, இன்னா சொல்றது?"

நான் பின்பக்கமாகக் குதித்து ஓடிப் பிலோமினா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் வந்தாள். அன்றைக்கும், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் தெருத்தெருவாக என்னோடு நடந்து, இவர் சொன்னது பொய், நடந்தது இது என்று பொறுமையாக விளக்கினாள். அரிசியும் பாயும் சடையங்குப்பம் போய்ச் சேர்ந்தன. நாங்கள் குழுவாகப் போய் அங்கே குடிசை கட்டக் கைகொடுத்தோம். முனியம்மா வீட்டுக் கூரைக்கு நான் வைத்த ஓலை முதல் காற்றிலேயே பறந்தது. அவளே ஏறி மறுபடி வேய்ந்துகொண்டாள். கம்பெனி என்னைக் கப்பலில் ஏற விடாமல் மூன்று மாதம் வெங்காயக் கிடங்கில் போட்டது.

அந்த நடையில்தான் எனக்கும் பிலோமினாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. நான் கேட்டேன், அவள் சரி என்றாள், பிறகு அவளே என் அம்மாவிடம் போய் நான் கேட்டது என்ன என்று விளக்கினாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் எனக்குச் சொந்தமாகப் பேச்சு கிடையாது. நான் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்ப்பார்கள். போன வருஷம் மகனின் கல்யாண வரவேற்பில் என் கையில் மைக் கிடைத்தது. வாழ்க்கை, கடல், இசை, குடும்பம் என்று வெகுநேரம் வாழ்த்தினேன். கைதட்டல் அடங்கியதும் மருமகள் குனிந்து பிலோமினாவிடம் கேட்டாள். வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

"அத்தை, மாமா இன்னா சொன்னாரு?"

பிலோமினா என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு சபைக்கே சொன்னாள்:

"நல்லாயிருங்கன்னு சொன்னாரு. எல்லாரும் சாப்புட வாங்க."